பீலிக்கு மேலே உள்ள நிலத்தை விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலைவனத்திலேயே கோதுமை விளைகிறதாம், மழை கொட்டும் மலையில் இருந்துகொண்டு நீங்கள் தண்ணீர் இல்லை என்கிறீர்களே என்று மரக்கறி போடும் எங்களிடம் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கூட்டத்துக்கு வரும் அதிகாரிகள் கேட்கிறார்கள், கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் வீடியோ அனுப்பிவிட்டுக் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் நுவரெலியாவில் வருடத்துக்குச் சுமார் 1900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, இந்தியப் பாலைவனமான ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் சுமார் 200தான். ஆனால் அங்கிருந்து எதைப் படிக்க வேண்டும் என்பதில்தான் எனக்குச் சண்டை.

எல்லாரும் காட்டுவது பெரிய கால்வாயை. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேரும் ஹரிக்கேயில் தண்ணீர் எடுத்து, 1958இல் வேலை தொடங்கி, 600 கிலோமீட்டருக்கும் மேலே நீளமாக வெட்டித் தார் பாலைவனத்துக்குள் கொண்டுபோனார்கள், இன்று அதற்கு இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர். கோதுமையும் பருத்தியும் விளைந்தது உண்மைதான். ஆனால் தண்ணீர் வந்தால் போதும் என்று பாய்ச்சினார்களே தவிர, வடிய வழி வைக்கவில்லை. ஹனுமான்கர் பக்கம் நிலத்தடி நீர் மேலே ஏறி, உப்பும் சேர்ந்து வந்து, நன்றாக விளைந்த வயல்களே சேறும் உப்புமாகிப் போயின. சவூதியில் இன்னும் மோசம். மழையால் திரும்ப நிரம்பாத ஆழ்நிலத் தண்ணீரை இறைத்து கோதுமை ஏற்றுமதி வரைக்கும் போனவர்கள், தண்ணீர் தீர்வதைப் பார்த்து 2008இல் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தார்கள்.

அதே ஜெய்சல்மேரில் பாலிவால் சமூகத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே உண்டாக்கிய 'கடீன்' என்ற முறையை யாரும் வீடியோவில் அனுப்புவதில்லை. மேலே பாறைச் சரிவு, கீழே பள்ளத்தை மறித்து ஒரு நீண்ட மண் அணை, அவ்வளவுதான். மழைக்காலத்தில் சரிவில் ஓடிவரும் தண்ணீர் அணைக்குள் தேங்கி மண்ணில் ஊறும், மிச்சத்தைத் திறந்து விட்டுவிட்டு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்து, மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் அறுப்பார்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பது இதில் ஒரு விசயத்தை: ஒரு பங்கு வயலுக்குச் சுமார் 15 பங்கு மேல்நிலம் வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்த மேல்நிலம் சும்மா கிடக்கும் நிலமாக யாருக்கும் தெரியவில்லை, வயலோடு சேர்ந்த பகுதியாகத்தான் அதை வைத்திருந்தார்கள்.

இங்கே நடப்பது நேர் எதிர். கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் போய்ப் பாருங்கள், ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கு மேலே இருந்த மரமெல்லாம் போய், உச்சி வரைக்கும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஏறியிருக்கின்றன. மழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து ஓடி ஆற்றில் விழுகிறது, தை மாசியில் பீலி நூலாக வடிகிறது, அப்புறம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிக்கவா மரக்கறிக்கு அடிக்கவா என்று கறுப்பு ஹோஸை வைத்துச் சண்டை. சொட்டுநீர்க் குழாய் மானியத்தில் கிடைத்தால் நானும் வாங்கிப் போடுவேன், மோட்டரில் இறைக்கும் தண்ணீரில் நிறைய மிச்சமாகும். ஆனால் ஊற்றே நின்றுபோன இடத்தில் அந்தக் குழாயை எதில் மாட்டுவது? நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதை 2014 இறுதியில் உமாஓயா ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோகச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைச் சனம் பார்த்தது, கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது.

5000 அடிக்கு மேலே காட்டை வெட்டக் கூடாது என்று ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே பரிந்துரைத்தார். கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையை மொட்டையடித்த வெள்ளைக்காரன் காலத்திலேயே அந்தப் புத்தி இருந்திருக்கிறது. மகாவலியின் தண்ணீர் பொலன்னறுவை வயலுக்குப் போகிறது, உமாஓயாவின் தண்ணீர் இப்போது மொனராகலைக்கும் ஹம்பாந்தோட்டைக்கும் போகிறது. அதாவது வறண்ட வலயத்தில் பல இடங்களுக்கு மேல்நிலம் எங்கள் மலைதான், இங்கே காடு போனால் அங்கே வயலும் போகும்.

அதனால் அதிகாரிகளிடம் நான் கேட்பது சின்ன விசயம். ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் உள்ள பீலியையும் ஊற்றையும் எழுதி வையுங்கள். அதற்கு மேலே எந்த நிலம் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கிறது என்று அளந்து எல்லைக் கல் போடுங்கள், அதைக் குத்தகைக்கும் கொடுக்காதீர்கள், வீட்டுத் திட்டத்துக்கும் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஊற்றுகள் தோட்டக் காணிக்குள் இருக்கின்றன, லயத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காணியில் பேச எந்த உரிமையும் கிடையாது, ஆகையால் தோட்ட நிர்வாகங்களைக் கூப்பிட்டுச் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டியது பிரதேச சபையும் பிரதேச செயலகமும்தான். இந்த மாரி மழை முடிவதற்குள் ஒரு பிரிவிலாவது தொடங்குங்கள், எல்லைக் கல் நட நாங்கள் ஆள் தருகிறோம்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
கந்தப்பளை