மதில் வீடும் வேலி வீடும்

குருமன்காடு,
வவுனியா.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கொழும்பில் உள்ள வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை விற்றுவிட்டு வவுனியாவில் ஒரு காணி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர். 2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு தொடங்கிய பின்னர் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வாரங்களே இந்த எண்ணத்தை உண்டாக்கின என்றும், கடற்காற்றுக்காக ஆசைப்பட்டு வாங்கிய வீடு அதன் பிறகு ஒரு பெட்டியாகவே தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர். முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத்துத் தொடர்மாடிகள் அந்த ஆண்டின் இறுதியில் முடக்கப்பட்டதைச் செய்திகளில் பார்த்தபோது உம்மைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வாரும், மகிழ்ச்சி. ஆனால் எத்தனை பரப்பு என்பதை மட்டும் வைத்து இடத்தைத் தெரிவு செய்யாதீர் என்று சொல்லவே இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

கொரோனாவுக்கு முன்னர் எங்களில் பலருக்கு வவுனியா என்றால் பஜார் வீதியும் பேருந்து நிலையமும் வைத்தியசாலையுந்தான். குடியிருக்கும் ஒழுங்கை இரவில் வந்து படுப்பதற்கான இடம். அதில் யார் இருக்கிறார்கள் என்பதை ஏதேனும் கொண்டாட்டத்திலோ செத்த வீட்டிலோதான் அறிவோம். ஊரடங்கில் நகரம் மூடப்பட, மரக்கறி வாகனமும் பாண் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரும் ஒழுங்கைக்கே வந்தார்கள். அவர்களைச் சுற்றி, முகக்கவசத்துடன் எட்டி எட்டி நின்று, அயலவர்கள் முதன்முறையாக ஒருவரையொருவர் பெயர் கேட்டு அறிந்தார்கள். 2021 மே மாதத்தில் அடையாள அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து வெளியே போக அனுமதித்தார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் இருவருக்கும் இரட்டை. ஒற்றை நாள்களில் மருந்து தேவைப்பட்டால் பின்வீட்டுத் தம்பி வாங்கி வந்து வேலியில் இருந்த சிறு இடைவெளியான பொட்டுக்குள்ளால் நீட்டுவார். எங்கள் முறை வரும்போது அவர்களுடைய சாமான் பட்டியலும் எங்கள் பையில் இருக்கும்.

அந்தப் பொட்டு இருந்தது பின்பக்கத்துக் கிளுவை வேலியில். மற்ற இரு பக்கமும் எல்லோரையும் போல நானும் மதில் கட்டியிருக்கிறேன். மதிலுக்கு அப்பால் இருந்தவர்களுடன் அந்த இரண்டு ஆண்டுகளிலும் எனக்கு நெருக்கம் உண்டாகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பேசுவதற்கு வழி இருக்கவில்லை.

இதை வைத்து, பெருந்தொற்று அயலை ஒன்றாக்கியது என்று நான் எழுதினால் அது பாதிப் பொய். 2009 இல் போரின் முடிவில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தவர்கள், பக்கத்துக் கூடாரத்தாரை நம்பியே உயிர் தரித்ததாகச் சொல்வார்கள். அங்கே அச்சம் வெளியில் நின்றது. கொரோனாவில் அச்சம் பக்கத்து வீட்டு இருமலில் இருந்தது. சுகாதாரப் பரிசோதகர் படலையில் அறிவித்தலை ஒட்டிய வீட்டாருக்கு, பதினான்கு நாள்கள் முடிந்து அது கிழிக்கப்பட்ட பிறகும், சிலர் தண்ணீர் அள்ளக் கிணறு கொடுக்கவில்லை.

வீட்டுக்கு நேர்ந்தது பகுதிக்கும் நேர்ந்தது. 2021 ஜனவரியில் பட்டாணிச்சூரில் தொற்றுக் கண்டறியப்பட்டு அந்தப் பகுதி முடக்கப்பட்டபோது, நகரத்தின் மற்றப் பகுதியினர் அந்தப் பெயரையே நோயின் பெயர்போல உச்சரித்தார்கள். அது முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இடம் என்பதும், கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்ததும் உமக்குத் தெரியும். தன் தகப்பனின் உடலுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறவர் பரிசோதனைக்கு எப்படி முன்வருவார்? அந்த விதி பெப்ரவரி இறுதியில் மாற்றப்பட்டது. ஆனால் ஓர் ஊரின்மேல் விழுந்த பெயர் வர்த்தமானி அறிவித்தலால் நீங்குவதில்லை. காணித் தரகர்கள் இன்றும் 'அந்தப் பக்கம் வேண்டாம்' என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அவர்களிடம் காரணத்தைக் கேளும். உருப்படியான ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அன்று பழகியவற்றுள் சில நிலைத்தும் விட்டன. 2022 இல் பெட்ரோல் இல்லாமல் வரிசையில் நின்ற மாதங்களில், ஒருவருக்காக ஒருவர் சாமான் வாங்கும் வழக்கம் எங்கள் ஒழுங்கையில் தானாகவே மீண்டும் தொடங்கியது. ஊரடங்கில் தொடங்கிய வீட்டுத்தோட்டத்து மோகம் மட்டும் பெரும்பாலான வீடுகளில் கடை திறந்ததோடு முடிந்துபோயிற்று.

குருமன்காட்டிலும் வைரவபுளியங்குளத்திலும் காணிகள் விலைக்கு வருகின்றன. பட்டாணிச்சூர்ப் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். தரகர் கூட்டிப்போகும் காலை வேளையில் போகாமல் மாலை ஐந்து மணிக்குப் பிறகு போவோம். அப்போதுதான் ஒழுங்கையில் ஆட்களைக் காணலாம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர். இந்த மாவட்டத்தில் சிறுநீரக நோய் அதிகம். பள்ளிக்கூட விடுமுறையில் வருவதானால் ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்யும், வீட்டில் அறை ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்