நிறம் எதுவும் கலக்கவில்லை: இரண்டாம் தொகுப்பு பர்பன் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே,

வணக்கம். நம் வடிசாலையின் இரண்டாம் தொகுப்பு பர்பனைப் (மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி) பற்றி டெக்சஸ் ஹில் கன்ட்ரி வட்டாரம் முழுக்க ஒரு பேச்சு ஓடுகிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "வெறும் 26 மாதத்தில் இவ்வளவு கருஞ்சிவப்பா? நிறம் கலந்திருக்கிறார்கள்" என்கிறார்கள். விலை கூடுதல் என்றால் கேட்டுக்கொள்வோம். மரவாடை தூக்கல் என்றாலும் மறுக்க மாட்டோம். இதை மட்டும் சும்மா விட மனம் வரவில்லை.

நம்முடையது ஸ்ட்ரெய்ட் பர்பன், அதாவது குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் ஊறியது. அதில் நிறமோ சுவையூட்டியோ சேர்க்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. வடிக்கும் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும் (நம்முடையதில் 70, மீதி ரை என்ற தானியமும் முளைகட்டிய பார்லியும்). உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். 4 ஆண்டுக்குக் குறைந்தால் வயதை லேபிளில் போட்டாக வேண்டும். போட்டிருக்கிறோம், மறைக்கவில்லை.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வந்தது? பீப்பாயின் அளவிலிருந்து. கென்டக்கியின் பெரிய வடிசாலைகள் பயன்படுத்துவது 53 கேலன், அதாவது 200 லிட்டர் பீப்பாய். நாம் இந்தத் தொகுப்புக்கு எடுத்தது 15 கேலன். பீப்பாய் சிறுத்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதோடு நம்மூர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பகல் சூட்டில் சாராயம் விரிந்து மரத்துக்குள் இறங்கும், குளிர்ந்ததும் வெளியே வரும். கருக்கிய பகுதிக்கு அடியில் இருக்கும் கருகாத, வறுபட்ட மரச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வரும். வறண்ட காற்றில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் முந்திப் போய்விடுவதால், 55 சதவீதத்தில் நிரப்பியது 57-இல் வெளிவந்தது. அதை அப்படியே புட்டியில் அடைத்தோம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை கிடங்குக்கு வாருங்கள். ஒரே நாளில் நிரப்பிய 15 கேலன், 53 கேலன் பீப்பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உங்கள் கண்ணெதிரே அடைப்பைத் திறந்து, 'விஸ்கி தீஃப்' குழாயால் இரண்டிலிருந்தும் எடுத்துத் தருகிறோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சிறிய பீப்பாய் மரத்தைத்தான் சீக்கிரம் தருகிறது. காற்றோடு மெல்லக் கலந்து பழவாசனை கூடி வர ஆண்டுகள் ஆகும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆகவே இளம் பர்பனை 12 ஆண்டுப் பர்பனைப் போலக் குடித்தால் ஏமாற்றம்தான். கீழே அகன்று மேலே குறுகிய கண்ணாடிக் குவளையில் 20 மி.லி. ஊற்றுங்கள் (சுவைக்கூடத்திலும் இனி 30 அல்ல, இந்த அளவுதான், கட்டணம் பழையதே). 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். ஒயினைப் போலச் சுழற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். முதல் மடக்கு நாக்கைப் பழக்கத்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதில் வேகவைத்த மக்காச்சோளம், கிராம்பு, வெல்லப்பாகு தெரியும். கடைசியில், அதிக நேரம் கொதித்த கறுப்புத் தேநீரின் துவர்ப்பு வரும். அது புது மரத்தின் டானின்.

இனி ஒரு தேக்கரண்டி, 5 மி.லி., வடிகட்டிய தண்ணீர் விடுங்கள். குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீர் வேண்டாம். 57 சதவீதம் 45-க்கும் கீழே இறங்கும், காரம் தணியும், வெனிலா மேலே வரும். லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள். குளிரவைத்து வடிகட்டாததால் தங்கிய கொழுப்பு எஸ்டர்கள்தான் அவை; வாய்க்கு வழவழப்பைத் தருவதும் அவையே. சுவைக்கூடத்துக்கு வண்டி ஓட்டி வருபவர்களுக்குத் துப்பும் குவளை மேசையிலேயே இருக்கிறது.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில புட்டிகளில் நெயில் பாலிஷ் நெடி வருகிறது என்றீர்கள். உண்மைதான். வடிக்கும்போது முதலில் வரும் பகுதியான ஹெட்ஸில், அந்த நெடியைத் தரும் எத்தில் அசிடேட் அதிகம். இரண்டு பீப்பாய்களுக்கு வடித்தபோது, அது முழுதாக விலகுமுன் நடுப்பகுதியைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டோம். மூடியைத் திறந்து 15 நிமிடம் வைத்தும் நெடி போகாவிட்டால் புட்டியைக் கொண்டுவாருங்கள். பாதி குடித்திருந்தாலும் மாற்றித் தருகிறோம்.

முதல் தொகுப்பில் தொடங்கி இன்றுவரை வாங்குகிறவர்களுக்கும், வதந்தியைப் பரப்பாமல் நேரே வந்து கேட்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. 53 கேலன் பீப்பாய்கள் 4 ஆண்டு நிறையும்வரை திறக்கப்படா, சனிக்கிழமை மாதிரிக்கு எடுப்பதைத் தவிர.

அன்புடன்,
வடிசாலைக் குழுவினர்