வில்லன் மட்டும் தவறாமல் வருவான்

அன்புள்ள பாப்பா,

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவோமே, அந்த ரோல்பிளே ஆட்டத்துக்குப் போன வியாழன் ராத்திரி என்னையும் சேர்த்து ஆறு நாற்காலி போட்டேன். வந்தது இரண்டு பேர். ஒருத்தருக்கு நைட் ஷிப்ட், இன்னொருத்தர் பையனுக்குக் கராத்தே. ஐந்தாவது ஆள் நீ. லேப்டாப்பைத் திறந்துவைத்து எட்டரை வரை பார்த்துவிட்டு மூடினேன். கோபமெல்லாம் இல்லை. சியாட்டிலில் அப்போது ஐந்தரைதானே, ஆபீஸில் இருந்திருப்பாய். அம்மா செய்த சுண்டலை மூன்று பேராகத் தின்று தீர்த்தோம்.

கதையில் நான்கு மாதமாக அதே குகைக்குள் கிடக்கிறோம். உன் மந்திரவாதி படிக்கட்டில் வாய் பேசாமல் நிற்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டும் போக முடியவில்லை, விட்டுவிட்டும் போக முடியவில்லை. அன்றைக்கே அந்த கேம்பெய்னை, அதாவது வாராவாரம் தொடர்ந்த அந்தக் கதையை, முடித்துவிட்டேன்.

தப்பு யார் மேலும் இல்லை என்று கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. ஐந்து பேரும் ஐந்து வாரத்தில் நான்கு வாரம் ஒழுங்காக வந்தால்கூட, எல்லோரும் ஒன்றாக உட்காருவது மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான். ஐந்து பேரும் வந்தால்தான் நகரும் என்று கதையைக் கட்டினேனே, அதுதான் கோளாறு.

அதனால் இந்த முறை சூப்பர் ஹீரோ. குகைக்குள் நடுவழியில் ஒருத்தன் காணாமல் போனால் அபத்தம். சூப்பர் ஹீரோ வரவில்லையா? வேறு ஊரில் அணை உடைந்துவிட்டது, அங்கே போயிருக்கிறான், அவ்வளவுதான். ஊர் நம்ம நியூவார்க். ஒவ்வொரு வியாழனும் ஒரு முழுக் கதை, அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியும். பென் ராபின்ஸ் என்பவர் 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்று நடத்திய ஆட்டத்தில் இப்படித்தான், யார் கிளம்பினாலும் அன்றே ஊர் திரும்பிவிட வேண்டும். அந்த யோசனையைத் திருடிக்கொண்டேன்.

எந்த ஆட்டம் என்பதில்தான் இரண்டு வாரம் போனது. 'மாஸ்க்ஸ்' அழகான ஆட்டம், ஆனால் பதின்வயது ஹீரோக்களுக்கானது. முழங்கால் வலிக்காரர்கள் நாங்கள் வாலிபக் குழப்பத்தை நடித்தால் அம்மா சிரிப்பாள். ஒஹையோவில் படிக்கும்போது என் ரூம்மேட் கற்றுக்கொடுத்த 'சாம்பியன்ஸ்', 1981இல் வந்தது, என் முதல் காதல். ஆனால் அதில் 12 வினாடிச் சண்டையை முடிப்பதற்குள் விடிந்துவிடும். கடைசியில் 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்'. ஒரே ஒரு இருபது முகப் பகடை போதும்.

சாம்பியன்ஸிலிருந்து ஒன்றை மட்டும் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு ஹீரோவையும் துரத்துகிற எதிரி ஒருத்தன் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது சாதாரண ஆறு முகப் பகடை மூன்றை உருட்டி, கூட்டுத்தொகை 11 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அன்றைக்கு அவன் வருவான். நூற்றுக்கு 62 தடவைக்கு மேல். நம் ஆட்களைவிட வில்லனின் வருகைப்பதிவு ஒசத்தி!

சின்ன வயதில் செய்யாறு பக்கம் ஒரு கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். கட்டியக்காரர் தனியாளாக ஊர் வம்பெல்லாம் பேசி ஒரு மணி நேரம் ஓட்டினார். அர்ச்சுனன் வந்தபோது ஜனங்கள், "கொஞ்சம் இருப்பா, இவர் முடிக்கட்டும்" என்றார்கள். கதையை நடத்துகிற கேம் மாஸ்டர் வேலையை நான் அங்கேதான் கற்றேன் என்று நினைக்கிறேன், ஒஹையோவில் இல்லை.

உனக்கு என்ன சக்தி வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு. பறப்பது வேண்டாம், ஏற்கெனவே இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். உன் எதிரி யார் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன், இப்போது சொல்லமாட்டேன். நீ வராத வாரமும் அவனுக்காகப் பகடை உருட்டுவேன். உன்னைத் தேடிக்கொண்டு வருவான். "அவள் ஊரில் இல்லை" என்று மற்றவர்கள் அவனிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா