மோட்டார் சைக்கிள் முன்விளக்குகளுக்கும் வருடாந்தப் பரிசோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேஸ்லைன் வீதியிலும் ஹை லெவல் வீதியிலும் இருட்டிய பின்னர் பயணம் செய்பவர்கள், எதிரே வரும் மோட்டார் சைக்கிள்களின் முன்விளக்குகள் அண்மைக் காலத்தில் எவ்வளவு மாறிவிட்டன என்பதைக் கவனித்திருப்பார்கள். நீலம் பாய்ந்த வெள்ளை, ஊதாச் சாயல், கடும் மஞ்சள் எனக் கண்ணைக் குத்தும் இவ்விளக்குகளிற் பல, வண்டியை வாங்கிய பின்னர் மின்குமிழை மட்டும் மாற்றியதால் வந்தவை. வாகன மின் திருத்த வேலையில் நீண்ட காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், இந்த மாற்றத்தால் ஓட்டுபவருக்குக் கிடைப்பது என்ன, எதிரே வருபவருக்கு நேர்வது என்ன என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மின்குமிழை மாற்றுபவர்களின் தேவை பொய்யானதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கும் வரை, பலர் பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் உள்ள எச்.எஸ்.1 வகை ஹலோஜன் மின்குமிழ் 35 வோட் கொண்டது. அதன் டிம் ஒளி, அதாவது எதிரே வருபவருக்காகத் தாழ்த்திய ஒளி, ஏறத்தாழ 525 லூமன் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு). கார்களில் பரவலாகப் பயன்பட்ட எச்4 மின்குமிழின் டிம் ஒளியோ ஏறத்தாழ 1000 லூமன். நள்ளிரவு வரை உணவுப் பொதிகளைச் சுமந்து ஓடும் இளைஞர், மழை நீர் நிறைந்த குழியை முன்கூட்டியே காண வேண்டும் என்று விரும்புவதில் என்ன தவறு இருக்கிறது?

ஆனால் முன்விளக்கு என்பது மின்குமிழ் மட்டுமல்ல. எச்4, எச்.எஸ்.1 ஆகிய இரண்டு வகைகளிலும் டிம்முக்குரிய மின்னிழைக்குக் கீழே சிறு கிண்ணம் போன்ற உலோகத் தகடு ஒன்று இருப்பதை, பழைய மின்குமிழைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எவரும் காணலாம். அந்தத் தகடு, மின்குமிழைச் சூழ்ந்துள்ள பளபளப்பான தெறிப்பியின் கீழ்ப் பாதியில் ஒளி விழாமல் தடுக்கிறது. கீழ்ப் பாதியில் விழும் ஒளியே தெறித்து மேல்நோக்கி, அதாவது எதிரே வருபவரின் கண்களை நோக்கிச் செல்லும். மின்னிழையின் இடம் ஓரிரு மில்லிமீற்றர் விலகினாலும் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். மலிவான எல்.ஈ.டி. மின்குமிழில் மெல்லிய இழைக்குப் பதிலாகத் தடித்த பலகையொன்றின் இரு பக்கங்களிலும் ஒளி தரும் சிறு சிப்புகள் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றின் ஒளி புறப்படும் இடமும் திசையும் வேறு. எச்.ஐ.டி. எனப்படும் வாயு விளக்கு இன்னும் மோசமானது. 35 வோட்டிலேயே ஏறத்தாழ 3200 லூமன் தரும் இவ்வகை விளக்குக்கு, ஐரோப்பிய விதிகள் கார்களில் தானாக மட்டம் திருத்தும் பொறியையும் விளக்கைக் கழுவும் அமைப்பையும் கட்டாயமாக்கியிருந்தன. இங்கே அதனை ஹலோஜனுக்காகச் செய்த தெறிப்பிக்குள் செருகி ஓட்டுகிறோம்.

எல்.ஈ.டி. தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. புதிய வண்டிகளில் அதற்கென்றே வடிவமைத்த தெறிப்பியுடன் வரும் விளக்குகள் மிகச் சிறந்தவை. ஜேர்மனியில் 2020 முதல் மாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. ஆனால் குறிப்பிட்ட மின்குமிழைக் குறிப்பிட்ட வாகன மாதிரியில் சோதித்துப் பட்டியலிட்ட பின்னரே அது வழங்கப்படுகிறது. விளக்குக் கூட்டையே முழுதாக மாற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் இடப்பக்கமாக ஓட்டுபவர்கள். வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளுக்குச் செய்த கூட்டில் ஒளியின் விளிம்பு வலப்புறம் உயர்ந்திருப்பதால், அது எதிரே வருபவரின் முகத்தில் நேராகப் பாயும்.

நிறத்தைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்ற எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக்கூட ஒளி நீலமாகும். சாதாரண ஹலோஜனின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 3200 கெல்வின். அதன் கண்ணாடிக்கு நீலப் பூச்சிட்டு "வெள்ளை ஒளி" என்று விற்கும்போது, பூச்சு ஒளியை வடிகட்டிக் குறைக்கிறதே தவிரக் கூட்டுவதில்லை. 8000 கெல்வின் என்று குறித்த விளக்கு அழகாகத் தெரியலாம்; வீதியைக் காட்டுவதில் அது பின்தங்கியே நிற்கும். நீலம் மிகுந்த ஒளி எதிரே இருப்பவருக்குக் கூச்சத்தையும் அதிகரிக்கிறது. மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதமானது என்பதில் உண்மை உண்டு. பிரான்ஸ் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை மஞ்சள் முன்விளக்கையே கட்டாயமாக வைத்திருந்தது. எனினும் நுவரெலியாப் பனிமூட்டத்தை மஞ்சள் ஒளி ஊடுருவிச் செல்லும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பனித்துளிகள் ஒளியலையை விட மிகப் பெரியவை என்பதால் அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரியே சிதறடிக்கின்றன. அங்கே உதவுவது தாழப் பொருத்திய விளக்குத்தான். மழையில் நனைந்த தார் வீதியோ, நமது ஒளியை நம்மிடம் திருப்பி அனுப்பாமல் கண்ணாடி போல முன்னோக்கித் தெறிக்கிறது. ஆகவே மின்குமிழின் வலுவை இரட்டித்தாலும் ஓட்டுபவருக்கு வீதி கறுப்பாகவே தெரிய, எதிரே வருபவரின் கண் மட்டும் கூசிப்போகிறது.

இதனால் பாதிக்கப்படுவோரில் முதன்மையானவர்கள் பாதசாரிகள். இரு திசைகளிலிருந்தும் கூசும் விளக்குகள் வரும்போது இடையில் வீதியைக் கடப்பவர் எந்த ஓட்டுநருக்கும் தெரிவதில்லை. கண்புரை ஆரம்பித்த முதியவர்களுக்கு ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறுவதால், கூச்சம் நீங்கிப் பார்வை தெளிய மேலும் சில விநாடிகள் பிடிக்கும்.

அப்படியானால் மங்கலான விளக்குக்கு என்ன வழி? அண்மையில் கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவர் எல்.ஈ.டி. பொருத்தித் தருமாறு தமது வண்டியைக் கொண்டுவந்தார். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ட் இருந்தது. மின்குமிழின் சொக்கற்றிலோ 11.9 வோல்ட் மாத்திரமே. எண்ணெய்த் தாங்கியின் கீழே சட்டகத்தில் பூட்டியிருந்த எர்த் வயரின் வளையத்தைக் கழற்றினால், கடற்காற்றில் பச்சைக் களிம்பு படிந்து, உள்ளேயிருந்த செப்பு இழைகளிற் பாதி பொடியாக உதிர்ந்தது. ஹலோஜன் மின்குமிழில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். புதிய வளையம் இட்டு, பற்றரியிலிருந்து பியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிச்) வழியாக நேரடி வயர் இழுத்ததும், அதே 35 வோட் மின்குமிழே அவருக்குப் போதுமானதாயிற்று. முன்விளக்குக்கு எஞ்சினிலிருந்து நேராக, அதன் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் மின்சாரம் செல்லும் பழைய வண்டிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது, அவற்றில் எல்.ஈ.டி. மினுங்குவதும் விரைவில் பழுதாவதும் அதே காரணத்தால்தான். தெறிப்பியின் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் கூட்டையே மாற்றவேண்டும். 100/90 வோட் மின்குமிழை மட்டும் தயவுசெய்து எவரும் போட வேண்டாம். சொக்கற் உருகி, சுவிச் கருகி, பற்றரியும் இறங்கிவிடும்.

ஒளி விழும் மட்டத்தை வீட்டு மதிலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பத்து மீற்றர் தூரத்தில், வழக்கமான பாரத்துடன் வண்டியில் அமர்ந்திருக்கும்போது, டிம் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடுப்புள்ளியை விடச் சுமார் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். பின்னால் ஒருவர் ஏறியதும் முன்புறம் உயரும் என்பதால், துணையுடன் ஓட்டுபவர்கள் அந்தப் பாரத்துடனேயே சரிபார்ப்பது நல்லது.

வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வருடந்தோறும் புகைப் பரிசோதனைக்குச் செல்கிறோம். அதே இடத்தில் முன்விளக்கின் மட்டத்தையும் மின்குமிழின் வகையையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதனைப் பரிசோதனையின் ஒரு பகுதியாக்க வேண்டும். வீதியில் வண்டிகளை நிறுத்தும் பொலிஸார், சிவப்பு நீலத்தில் மின்னும் அலங்கார விளக்குகளை மட்டுமன்றி, வெள்ளையாகவே இருந்தாலும் மட்டம் தவறிய விளக்குகளையும் கவனிக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் மின்குமிழ் விற்கும் வர்த்தகர்கள், அது எந்த வகைக் கூட்டுக்கு உரியது என்பதை வாங்குபவரிடம் கேட்டறிந்த பின்னரே கொடுக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாகன மின் திருத்துநர் ஒருவர்,
கொழும்பு 13.