இந்தக் கோடையில் குட்டிகள் இருமவில்லை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அமெரிக்காவின் ஐடஹோ, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் கூடும் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் பிக்ஹார்ன் காட்டுச் செம்மறிகளைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் கவனித்துவரும் கூட்டத்தில் இந்த ஆண்டு பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை இலையுதிர்காலத்தைத் தொட்டுவிட்டன. இதற்காகப் பாடுபட்டவர்களுக்கு வாய்ச்சொல்லில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால், எல்லோரும் அறிய எழுதுகிறேன்.

1995-96 குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நிமோனியா பரவி 300-க்கும் மேற்பட்ட காட்டுச் செம்மறிகள் மடிந்தன. பெரிய ஆடுகளின் சாவு ஓய்ந்த பிறகும் நோய் போகவில்லை. மே மாதம் பாறைக்குப் பாறை தாவித் திரியும் குட்டிகள், கோடை முடிவதற்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலில் ஒரு குட்டி விளையாட்டை விட்டு ஒதுங்கி நிற்கும். காதுகள் தொங்கும். தலையை உதறும், கழுத்தை நீட்டி இருமும். தாய் சரிவில் ஏறினால் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். சில நாள் கழித்துப் பார்த்தால் தாய் மட்டும் தனியே மேய்ந்துகொண்டிருக்கும். அந்த நாள்களில் மனம் தளராமல் எங்களோடு எதிர்ச்சரிவில் உட்கார்ந்து, தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல் குட்டிகளை எண்ணிய ஒவ்வொருவருக்கும் என் முதல் நன்றி. நீங்கள் குறித்துக்கொடுத்த எண்களால்தான் எந்தக் கூட்டத்தில் நோய் தங்கியிருக்கிறது என்றே தெரிந்தது.

அடுத்து, ஆய்வகத்தாருக்கு. நோய்க்குக் காரணம் எந்தக் கிருமி என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. இறந்த ஆடுகளின் நுரையீரலில் பாஸ்டுரெல்லா, மான்ஹெய்மியா என்று பல பாக்டீரியாக்கள் கிடைத்தன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பெஸ்ஸரும் அவரோடு உழைத்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்ற கிருமியைச் சுட்டிக்காட்டியது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் துடைப்பம் போல அழுக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தக் கிருமி அவற்றில் ஒட்டி அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. அதன்பின் மற்ற பாக்டீரியாக்கள் தடையின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதைக் கண்டறிந்திராவிட்டால் இன்றும் இருட்டில்தான் துழாவிக்கொண்டிருப்போம்.

ஹெலிகாப்டர் குழுவினரை மறக்க முடியுமா? வலையில் சிக்கிய ஆட்டின் கண்ணைக் கட்டி, கால்களைப் பிணைத்து, பஞ்சுக்குச்சியை மூக்கினுள் ஆழமாக விட்டுச் சளியெடுத்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, உடல் சூடு ஏறுவதற்குள் விடுவிக்கிறார்கள். அவ்வளவு நேரமும் ஒருவர்கூடக் குரல் உயர்த்திப் பேசுவதில்லை.

கால்நடை வளர்ப்போருக்குச் சொல்ல வேண்டிய நன்றி தனியானது. வீட்டுச் செம்மறிகளும் வெள்ளாடுகளும் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டே பெரிய தொல்லையின்றி வாழக்கூடியவை. காட்டுச் செம்மறிக்கோ மூக்கோடு மூக்கு உரசினாலே ஆபத்து. இனச்சேர்க்கைக் காலத்தில் கிடாக்கள் வெகுதூரம் அலையும். கிடையை நெருங்கும் ஒரு கிடா போதும், நோய் கூட்டத்துக்கு வந்துவிடும். ஐடஹோவின் பேயெட் தேசியக் காட்டில் 2010-இல் செம்மறி மேய்ச்சலைப் பெருமளவு குறைத்தபோது, அந்த இழப்பு மேய்ப்பவர்களின் தலையில்தான் விழுந்தது. அதையெல்லாம் பார்த்த பிறகும் எங்கள் பகுதியில் சிலர் தாமாக முன்வந்து தங்கள் மந்தைக்குப் பரிசோதனை செய்ய இடம் கொடுத்தார்கள். வழிதவறிய ஆட்டை அன்றிரவே தேடிப் பிடித்து வந்தவர்களும் உண்டு. காட்டு விலங்கை நேசிப்பவர்கள் ஒரு பக்கம், ஆடு வளர்ப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று பேசுவதை இனியாவது விட வேண்டும் என்பது என் கருத்து.

சொல்லக் கடினமான நன்றி ஒன்றும் இருக்கிறது. நோயிலிருந்து தப்பிய பெட்டை ஆடுகளில் சில, வெளியே நலமாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கணக்கில் கிருமியை மூக்கில் வைத்திருக்கும். குட்டிகள் ஒன்றாகக் கூடி விளையாடும்போது, அப்படிப்பட்ட ஒரு தாயின் குட்டியிடமிருந்து எல்லாவற்றுக்கும் பரவிவிடும். காட்டில் திரியும் கூட்டத்துக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்த வழியில்லை. பயன் தரும் தடுப்பூசியும் கைவசம் இல்லை. மீண்டும் மீண்டும் பரிசோதித்து, கிருமியை விடாமல் சுமக்கும் ஆட்டைக் கூட்டத்திலிருந்து நீக்குவதே மிஞ்சிய வழி. தெற்கு டகோட்டாவில் இப்படிச் செய்த கூட்டத்தில் நோய் அற்றுப்போனதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் கூட்டத்துக்கும் அந்த முடிவை எடுத்துக் கையெழுத்திட்ட உயிரியலாளர்களும் கால்நடை மருத்துவர்களும் ஆடுகளுக்காகவே வாழ்கிறவர்கள். தாங்கள் பட்டை மாட்டி, பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆட்டையே நீக்கச் சொன்னார்கள். அன்று அவர்கள் முகத்தைப் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த ஏச்சுக்கும் அவர்கள் பதில் பேசவில்லை. அந்தப் பதிலை நான் இங்கே சொல்கிறேன்: உங்கள் முடிவு சரியானது. இன்று சரிவில் ஓடும் குட்டிகள் அதற்குச் சாட்சி.

வரும் குளிர்காலத்தில் மீண்டும் மூக்குச்சளிப் பரிசோதனை நடக்கும். காட்டுச் செம்மறிகளின் அருகே வீட்டு ஆடு எதையாவது கண்டால், விரட்டவோ பிடிக்கவோ முயலாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து மாநில வனவிலங்குத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். சென்ற ஆண்டு அப்படித் தகவல் தந்த மலையேறிகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் எங்கள் குழுவின் நன்றி.

அன்புடன்,
குட்டிகளை எண்ணும் குழுவில் ஒருத்தி