குளம் உடைந்த பிறகு வரும் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையை எந்தக் கரையும் தாங்காது என்றார்கள், இருக்கலாம். ஆனால் அதில் பாதி மழைக்கே உடையும்படி குளங்களை வைத்திருப்பது யார் குற்றம்?

கரையில் நிற்கும் சீமைக்கருவேலை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், அது மக்கிக் குழாய்போல ஓட்டை விழுகிறது. குளம் பெருகும்போது அதன் வழியே கசியும். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைமண் உள்ளிருந்தே கரைகிறது என்று அர்த்தம். அந்த ஊற்றின் வாயை அடைக்கக் கூடாது, அடைத்தால் பக்கத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டையால் கிணறுபோல வளையம் கட்டி, கலங்கல் நிற்கும்வரை உள்ளே தண்ணீர் மட்டத்தை ஏறவிட வேண்டும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பணும். முட்ட நிரப்பினால் படியாது, இடுக்கில் தண்ணீர் ஓடும்.

தூர்வாரலிலும் கோளாறு உண்டு. டிராக்டருக்கு வசதி என்று கரையடியிலேயே கரம்பை (குளத்து வண்டல் மண்) தோண்டுகிறார்கள். கரையின் கால் சரிகிறது. அள்ளிய மண்ணைக் கரைமேல் குவித்தால் மட்டும் பலமாகாது. ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, ஈரம் காட்டி, ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு போட வேண்டும்.

குளம் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கில் பலகை செருகி உயரம் கூட்டுவதும், அந்த நீர் வெளியேறும் மறுகால் ஓடையில் வாழை வைப்பதும் நம் ஆட்கள் செய்வதுதான். மறுகாலில் போக வேண்டிய தண்ணீர் கரைமேல் ஏறுகிறது. குளங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல இருப்பதால், மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளமும் போச்சு. இதில் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட குளம் நீர்வளத் துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே சங்கிலிக்கு இரண்டு எஸ்டிமேட், இரண்டு டெண்டர்.

வெள்ளத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள், தேவைதான். ஆனால் 15ஆவது நிதிக்குழு பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிக்கென்றே, அதாவது சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கென்றே, பிரித்து வைத்திருந்தது. அந்தத் தலைப்பிலிருந்து ஒவ்வொரு குளச் சங்கிலிக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கி, ஆனியில் டெண்டர் விட்டு, புரட்டாசிக்குள் மேல்குளம் முதல் கடைசிக் குளம்வரை வேலையை முடிக்க வேண்டும். மடை ஷட்டரின் திருகுக்கம்பிக்குக் கிரீஸ் போட்டு, முழுக்க ஏற்றி இறக்கிக் காட்டிய பிறகே பில் பாஸ் ஆகட்டும். வெற்றுச் சாக்கும் சவுக்குக் கட்டையும் மணலும் கரையிலேயே இருக்கட்டும். தாலுகா ஆபீஸ் குடோனில் இருந்தால், ரோடு முங்கிய ராத்திரியில் வந்து சேராது.

குளத்துப் பாசன விவசாயிகள்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்