முதலில் இழை, அப்புறம் பொன்னாடை: சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், விழாக்குழு அண்ணன்மார்கள், ஆச்சிமார்கள் அனைவருக்கும்,

வணக்கம். நம் நகரத்தார் சங்கத்தின் இந்த ஆண்டுப் பிள்ளையார் நோன்பு விழா சீரும் சிறப்புமாக நடந்தேறியது என்று நீங்கள் அனுப்பிய நன்றி அறிவிப்பு கிடைத்தது. கூடவே வந்த படங்களையும் பார்த்தேன். அத்தனை படங்களில் இழை எடுக்கிற, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு வாயில் போட்டு நோன்பை முடிக்கிற, படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் பொன்னாடை. சும்மா இருந்துவிடலாம் என்றிருந்த என்னை எழுத வைத்தது அந்தப் படங்கள்தான்.

கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த ஆண்டிலிருந்து இழையை முதலில் கொடுங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பாராட்டு, சங்க நிதிக்காக உப்பை விடுகிற ஏலம் எல்லாவற்றையும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழில் மாலை ஆறரை மணிக்கு இழை என்று அச்சடித்திருந்தீர்கள். அதை நம்பி என் அப்பச்சியை, என் அப்பாவை, ஆறு மணிக்கே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். எண்பதைத் தொடுகிற வயது, சர்க்கரை வேறு. நோன்பன்று இழை எடுக்கும்வரை பல்லில் எதுவும் படக்கூடாது என்பது சிறு வயதிலிருந்து அவர் வைத்திருக்கும் பழக்கம். டாக்டர் சொல்லியும் விடவில்லை. மாத்திரை போடவேண்டும் என்று மன்றாடிக் காலையில் இரண்டு இட்லி சாப்பிட வைத்தேன். அதற்கே சண்டை.

ஆறரை ஆனது. சிறப்பு விருந்தினரின் வண்டி நெரிசலில் நிற்பதாக ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். சரி, நகரத்தில் இதெல்லாம் நடப்பதுதான். ஏழரைக்கு அவர் வந்தார். அதன்பின் அவருக்கு மாலை, அவர் வீட்டு ஆச்சிக்குப் பூங்கொத்து, முன்னாள் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, மண்டபத்துக்கு ஜெனரேட்டர் கொடுத்தவருக்குக் கேடயம். இவ்வளவும் முடிந்து ஏலம் தொடங்கியபோது அப்பச்சிக்கு வேர்க்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. நான் சொல்வதற்கு என்னவோ சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்து, கைப்பையிலிருந்த மிட்டாயை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினார். "இழை எடுக்காம வாயில வைக்க மாட்டேன் ஆத்தா."

ஓடிப்போய் இழைத் தட்டு இருந்த இடத்தில் நின்ற தம்பியிடம் கேட்டேன். ஒரே ஒரு இழை, முடியாத மனிதர், முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் என்று. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொன்னார். "விருந்தினர் முதல்ல எடுக்கணும் அக்கா, அவர் எடுத்ததும் வரிசை விட்டுருவோம்." விருந்தினரோ மேடையில் உப்பு ஏலத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் சமையல்கட்டில் இருந்த ஒரு ஆச்சி, யார் எவர் என்று கேட்காமல் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டிவிட்டார். அப்பச்சி குடித்தார். தெளிந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நோன்பு போச்சே." அதற்குப் பிறகு எவ்வளவு சொல்லியும் இழை வாங்க மறுத்துவிட்டார். இழை எடுக்காமல் அவர் வீடு திரும்பிய முதல் நோன்பு இது. நாங்கள் லிஃப்டுக்குக் காத்திருந்தபோதும் உள்ளே ஏலம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அன்று அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான் பட்டினியா? வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நிறைமாதப் பெண் ஒருத்தியை மேடையிலிருந்தே பார்த்திருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து அவளுக்கு இரண்டு இழை கொடுப்பது நம் வழக்கம். இரண்டு இழை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாற்காலி கொடுக்கத் தோன்றவில்லை.

நோன்பு வந்த கதையையும் அன்று மேடையில் ஒருவர் விரிவாகச் சொன்னார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன நம் முன்னோர் நடுக்கடலில் புயலில் சிக்கியதையும், கார்த்திகைத் தீபத்திலிருந்து நாளுக்கொரு நூலாக எடுத்துவைத்ததையும், சஷ்டியும் சதயமும் கூடிய 21ஆம் நாள் அந்த நூல்களைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றிப் பிள்ளையாரைக் கும்பிட்டதையும் சொன்னார். நல்ல கதை, எத்தனை தரம் கேட்டாலும் அலுக்காது. ஆனால் நான் கேட்ட எந்த வடிவத்திலும், கரையிறங்கியவர்கள் மாலுமிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, ஏற்புரையும் கேட்டுவிட்டு இழை எடுத்ததாக இல்லை.

நேரம் காப்பது நமக்கு வராத வித்தை என்றால் மன்னித்துவிடலாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற நம் கூட்டம், எந்த வேளைச் சாப்பாடு எந்த ஊரில், இரவுத் தங்கல் எங்கே என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்துக்கொண்டு நடக்கிறது. சிங்கப்பூரில் 1859இலேயே டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பியவர்கள் நம்மவர்கள். இன்றும் பூசத்துக்கு முந்தின நாள் அங்கே வெள்ளி ரதம் ஊர்வலம் வருகிறது. ஐந்தொகைக் கணக்கில் காலணா இடித்தாலும் தூங்காதவர்கள் என்று பெயர் வாங்கிய சமூகம் இது. ஒரு திரியை ஆறரை மணிக்கு ஏற்ற முடியாதா நம்மால்?

இன்னொன்றும் வாய்வரை வருகிறது, சொல்லிவிடுகிறேன். எட்டுப் பக்க அழைப்பிதழில் புரவலர், இணைப் புரவலர், துணைப் புரவலர் என்று பெயர்கள் பத்தி பத்தியாக இருந்தன. ஒரு வாரம் முன்பே யார் வீட்டிலோ கூடி உட்கார்ந்து, புதுத்துணியில் நூல் பிரித்து, 21 இழை எண்ணித் திரித்துவைத்த ஆச்சிமார் பெயர் ஒன்றுகூட இல்லை. பச்சரிசி இடித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து மாவு பிசைந்தவர்கள், கருப்பட்டிப் பணியாரம் சுட்டவர்கள், பொரி பொரித்தவர்கள், ஆவாரம்பூ தேடி அலைந்தவர்கள், அவர்களும் இல்லை. மேடையில் அத்தனை நாற்காலி போட்டீர்களே, அதில் ஒன்றில் சமையல்கட்டு ஆச்சியை உட்கார வைத்திருந்தால் நானும் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். பிள்ளைகளுக்கோ செல்ஃபி எடுக்க அலங்கார வளைவு இருந்தது, இழை ஏன் எடுக்கிறோம் என்று சொல்ல ஆளில்லை. என் பையன் கேட்ட கேள்வி, "இது யாருக்குப் பாராட்டு விழா?"

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பிடிப்பதும், நன்கொடை திரட்டுவதும், அவ்வளவு பேருக்கு இலை போடுவதும் எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஏலப் பணத்தில் நம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி போகிறது என்பதும் தெரியும். அதனால் ஏலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இழைக்கு அப்புறம் வையுங்கள் என்கிறேன்.

இழை கொடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், உப்பை ஏலம் எடுக்க ஆளிருக்காது என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் பசியைப் பிணையாக வைத்துத்தான் நாம் கூட்டம் சேர்க்கிறோம் என்று ஆகிறது. அது நமக்கு அழகில்லை. இழை எடுத்து, ஒரு பணியாரமும் தின்றவர்கள் தாராளமாகவே ஏலம் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை. சாப்பாட்டுப் பந்தியை ஏலம் முடிந்ததும் போடுங்களேன், யார் போய்விடப் போகிறார்கள்?

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அடுத்த நோன்புக்கு, பஞ்சாங்கம் பார்த்து நீங்கள் குறிக்கிற நேரத்தில், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும், முதலில் இழை. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் வரிசை இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே இழை. இதைப் பொதுக்குழுவில் தீர்மானமாகப் போட்டு அழைப்பிதழின் முதல் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இடம் போதாவிட்டால் துணைப் புரவலர்களை மூன்றாம் பக்கத்துக்கு நகர்த்தலாம்.

பதிலை எதிர்பார்க்கிறேன். அப்பச்சியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
சங்கத்துக்குத் தவறாமல் சந்தா கட்டிவரும் ஒரு குடும்பப் புள்ளி